நீல் ஜோர்டனுக்குத் தனி முத்திரை இல்லையா?

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். ‘தி க்ரையிங் கேம்’, ‘இன்டர்வியூ வித் தி வாம்பயர்’, ‘தி பிரேவ் ஒன்’ மூன்றையும் வெவ்வேறு காலத்தில் பார்த்திருக்கிறீர்கள். மூன்றையும் எடுத்தவர் ஒரே ஆள், அயர்லாந்துக்காரர் நீல் ஜோர்டன், என்று இப்போதுதான் தெரிந்ததாம். ஒன்றில் வட அயர்லாந்தில் பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்து ஆயுதம் ஏந்திய ஐ.ஆர்.ஏ. இயக்கத்தின் போராளி, ஒன்றில் காட்டேரிகள், ஒன்றில் நியூயார்க் தெருவில் துப்பாக்கி தூக்கும் பெண். “இவருக்கென்று ஒரு முத்திரை உண்டா, இல்லை கிடைத்த படத்தையெல்லாம் எடுத்துக் கொடுக்கிற ஆளா? அடுத்து எதைப் பார்ப்பது?” என்று முடித்திருக்கிறீர்கள். கடைசிக் கேள்விக்குப் பதில் சுலபம், அதைக் கடைசியில் சொல்கிறேன். முதல் கேள்வியில் நீங்கள் உண்மையில் கேட்பது, ஜானர் மாற்றிக்கொண்டே இருப்பவரை ஒரு படைப்பாளி என்று நம்பலாமா என்பதுதான் என எடுத்துக்கொள்கிறேன்.

எனக்கு இதில் என்ன தகுதி என்றால், பதினெட்டு வருடமாக நண்பர்களோடு சேர்ந்து ஒரு சின்னத் திரைப்படச் சங்கம் நடத்துகிறேன். மாதம் இரண்டு படம், படம் முடிந்ததும் டீயும் சண்டையும். ஜோர்டனின் 19 முழுநீளப் படங்களையும் பார்த்திருக்கிறேன், ஏழெட்டைச் சங்கத்தில் போட்டிருக்கிறேன். ஆனால் அயர்லாந்துக்குப் போனதில்லை. அந்த நாட்டுக் கத்தோலிக்க வாழ்க்கையும் அரசியலும் எனக்குப் புத்தகத்தின் வழியாகத் தெரிந்தவைதான். அங்கே வளர்ந்த ஒருவர் நான் சொல்வதை மறுத்தால் அவர் பேச்சையே எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சந்தேகத்துக்கே இடமில்லாத ஒரு கணக்கு. 1982-இல் வந்த ‘ஏஞ்சல்’ தொடங்கி, 2022-இல் திரைவிழாவில் காட்டப்பட்ட ‘மார்லோ’ வரை 19 படங்கள். இவற்றில் நான்கில்தான் எழுதியவர் என்ற இடத்தில் ஜோர்டனின் பெயர் கிடையாது: ‘வீ ஆர் நோ ஏஞ்சல்ஸ்’, ‘இன்டர்வியூ வித் தி வாம்பயர்’, ‘தி பிரேவ் ஒன்’, ‘பைஸான்டியம்’. மீதிப் பதினைந்தையும் அவர் தனியாகவோ இன்னொருவரோடு சேர்ந்தோ எழுதியிருக்கிறார். கூலிக்குப் படம் எடுக்கிற ஆளின் கணக்கு இப்படி இருக்காது. நீங்கள் பார்த்த மூன்றில் இரண்டு, அந்த நான்குக்குள் விழுந்துவிட்டன. அதனால் உங்களுக்கு வந்த சந்தேகம் நியாயமானதே. பானையில் பதம் பார்க்க எடுத்த சோறு அப்படி அமைந்துவிட்டது.

ஜோர்டன் அடிப்படையில் எழுத்தாளர். 1950-இல் ஸ்லைகோவில் பிறந்து டப்ளினில் வளர்ந்தவர். பல்கலைக்கழகத்தில் வரலாறும் இலக்கியமும் படித்தார். 1970-களில், பெரிய பதிப்பகங்கள் கண்டுகொள்ளாத இளம் எழுத்தாளர்கள் சேர்ந்து ஒரு கூட்டுறவுப் பதிப்பகம் தொடங்கினார்கள். அதில் அவரும் முன்னணியில் இருந்தார். அவருடைய முதல் சிறுகதைத் தொகுப்பு ‘நைட் இன் டுனீஷியா’ 1976-இல் அங்கேதான் வெளிவந்தது, 1979-இல் கார்டியன் புனைவுப் பரிசு பெற்றது. தலைப்புக் கதையில் ஒரு கடலோர ஊர், கோடை விடுமுறை, நடன இசைக்குழுவில் வாசிக்கும் அப்பா, சாக்ஸஃபோனைத் தொட மறுக்கும் மகன். அந்தத் தலைப்பே ஒரு ஜாஸ் பாட்டின் பெயர். பின்னால் அவர் படங்கள் பலவற்றுக்கும் பழைய பாட்டுகளே பெயர் கொடுத்தன என்பதைக் கவனியுங்கள். ‘மோனா லிசா’, ‘தி க்ரையிங் கேம்’, ‘இன் ட்ரீம்ஸ்’ மூன்றும் அப்படித்தான். சினிமாவுக்குப் போன பிறகும் எழுத்தை அவர் விடவில்லை. நாவல்கள் தொடர்ந்து வந்துகொண்டிருக்கின்றன, 2024-இல் நினைவுக் குறிப்பும் வந்தது. நான் படித்தது அந்தத் தொகுப்பும் இரண்டு நாவல்களும் மட்டுமே.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், சிறுகதைக்காரரிடம் நாம் ‘முத்திரை எங்கே’ என்று கேட்பதில்லை. புதுமைப்பித்தன் ஒரு மாதம் பேய்க்கதை எழுதுவார், அடுத்த மாதம் புராணத்தைத் திருப்பிப் போடுவார், அதற்கடுத்து ஆபீஸ் குமாஸ்தாவைப் பிடிப்பார். யாரும் ஆச்சரியப்படவில்லை. ஜோர்டனையும் ஒரு கதைத் தொகுப்பைப் புரட்டுவது போலப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

நீங்கள் பார்த்த ‘க்ரையிங் கேம்’ படத்தையே எடுத்துக்கொள்வோம். அதன் முதல் பகுதிக்கு ஒரு மூதாதை உண்டு: ஃப்ராங்க் ஓ’கானர் எழுதிய ‘கெஸ்ட்ஸ் ஆஃப் தி நேஷன்’ என்ற சிறுகதை, 1931-இல் புத்தகமாக வந்தது. பிணையாகப் பிடிபட்ட ஆங்கிலேயச் சிப்பாய்கள், காவல் காக்கும் ஐரிஷ் போராளிகள், இவர்களுக்குள் சீட்டாட்டமும் சிநேகமும். பிறகு சுடச் சொல்லி உத்தரவு வருகிறது. கதை அங்கே முடிகிறது. ஜோர்டன் செய்தது, அந்த இடத்தில் நிறுத்தாமல் ‘அதற்கப்புறம் அந்தக் காவல்காரன் என்ன ஆனான்’ என்று கேட்டதுதான். அவன் லண்டனுக்குப் போகிறான், செத்துப்போன சிப்பாயின் காதலியைத் தேடுகிறான், அங்கே வேறொரு படமே தொடங்குகிறது. அரசியல் த்ரில்லராகப் போய்க்கொண்டிருந்தது நடுவழியில் காதல் கதையாகிவிடும். எங்கள் சங்கத்தில் இதைப் போட்டபோது நான் திரையைப் பார்க்கவில்லை, திரும்பி உட்கார்ந்து முகங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். படத்தின் நடுவில் ஒரு ரகசியம் உடையும், அது என்ன என்பதை இங்கே சொல்லப்போவதில்லை. நீங்கள் பார்த்துவிட்டீர்கள், இதைப் படிக்கும் மற்றவர்கள் பார்த்திருக்க மாட்டார்கள். ஆஸ்கர் பரிந்துரைப் பட்டியலைக் கவனமாகப் படித்தவர்களுக்கு மட்டும் அது 1993-இலேயே தெரிந்துபோயிருக்கும். ரகசியம் உடையும் அந்த இடத்தில் நாயகன் காட்டும் அருவருப்பு இன்றைக்கு நிறையப் பேரைப் புண்படுத்துகிறது, அந்த விமர்சனத்தில் நியாயம் இருக்கிறது என்பதும் என் எண்ணம். ஆனால் படம் அங்கே நிற்காமல் அவனை அந்த அருவருப்பிலிருந்து வெளியே நடத்திக்கொண்டு போகிறது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அந்தப் படத்தில் சிப்பாய் ஒரு கதை சொல்வான், ஞாபகம் இருக்கிறதா? தவளையின் முதுகில் ஏறி ஆற்றைக் கடக்கும் தேள், நடு ஆற்றில் கொட்டிவிடுகிறது. இரண்டும் மூழ்கும்போது ‘என்ன செய்வது, என் இயல்பு’ என்கிறது. நமக்குத் தெரிந்த தேள் கதை வேறு. அதில் தண்ணீரில் தத்தளிக்கும் தேளை ஒரு முனிவர் மறுபடி மறுபடி எடுத்துக் கரையில் விடுவார், அது மறுபடி மறுபடி கொட்டும். ‘கொட்டுவது அதன் இயல்பு, காப்பாற்றுவது என் இயல்பு’ என்பார். வேடிக்கை என்னவென்றால், ஜோர்டனின் நாயகனுக்கு நம்முடைய கதைதான் கச்சிதமாகப் பொருந்துகிறது. தன் தலையில் மாட்டிய முகமூடியைக் கழற்றச் சொல்லிச் சிப்பாய் கேட்கும் வாதமே ‘நீ இரக்கமுள்ளவன், அது உன் இயல்பு’ என்பதுதானே. கடைசிக் காட்சியில் அதே தவளைக் கதையை நாயகன் வேறொருவருக்குச் சொல்லத் தொடங்குவான்.

இங்கேதான் என் வாதம் தொடங்குகிறது. ஜோர்டனின் முத்திரையைப் படப்பிடிப்பிலோ வெட்டிலோ தேடினால் கிடைக்காது, அவர் ஒவ்வொரு படத்துக்கும் அதை மாற்றிக்கொள்கிறார். கதைக்குள் யாராவது கதை சொல்லிக்கொண்டிருப்பார்கள், அதுதான் அடையாளம். ‘இன்டர்வியூ வித் தி வாம்பயர்’ ஒரு அறையில் டேப் ரெக்கார்டர் முன்னால் உட்கார்ந்து ஒருவன் சொல்லும் தன்வரலாறு. ‘தி பிரேவ் ஒன்’ நாயகி வானொலியில் நகரத்தின் சத்தங்களையும் கதைகளையும் பேசுகிறவள். ‘பைஸான்டியம்’ படத்தில் ஸெர்ஷா ரோனன் தன் கதையை எழுதி எழுதிக் காற்றில் பறக்கவிடுகிறாள். இந்த மூன்றையும் அவர் எழுதவில்லை என்று மேலே சொன்னேன். பிறர் எழுதியதைத் தேர்ந்தெடுக்கும்போதும் அவர் கை இதே இடத்துக்குத்தான் போகிறது. இரண்டாவது அடையாளம், ஒரு அந்நியரைக் காப்பாற்றுகிறேன், காவல் காக்கிறேன் என்று கிளம்பும் ஆள், அந்த அந்நியர் தான் நினைத்தவர் இல்லை என்று கண்டுபிடிப்பது. கண்டுபிடித்த பிறகு பழைய ஆளாக இருக்க முடியாமல் போவது.

சரி, இந்த வாதத்தை எவ்வளவு தூரம் நம்பலாம்? கணக்கு உறுதி, இந்த விளக்கம் என்னுடைய வாசிப்பு. 19 படம் எடுத்த யாரிடமும் தேடினால் ஏதாவது ஒரு நூல் சிக்கும். நான் முன்கூட்டியே முடிவு செய்துகொண்டு தேடினேனோ என்ற சந்தேகம் எனக்கே உண்டு. ஆனால் சில படங்களில் அந்த நூல் கையில் சிக்காமல் நழுவுகிறது, அவையே அவருடைய பலவீனமான படங்களாகவும் இருக்கின்றன என்பதால் கொஞ்சம் தைரியம் வருகிறது.

தொடக்கத்துக்கு வருவோம். இங்கிலாந்து இயக்குநர் ஜான் பூர்மன் அயர்லாந்தின் விக்லோ மலைப்பக்கம் குடியேறி, அங்கேயே ‘எக்ஸ்காலிபர்’ எடுத்தார். அது 1981-இல் வந்தது. ஜோர்டன் அந்தப் படத்தில் கூட இருந்து வேலை பார்த்தார், அது உருவான விதத்தைப் பற்றி ஒரு ஆவணப்படமும் எடுத்தார். அடுத்த வருடம் ‘ஏஞ்சல்’ எடுக்க பூர்மன் கைகொடுத்தார். அப்போதுதான் தொடங்கியிருந்த ஐரிஷ் திரைப்பட வாரியத்தின் பணமும் அந்தப் படத்துக்குப் போனது. பூர்மன் அந்த வாரியத்திலும் இருந்ததால் மற்ற இளம் இயக்குநர்கள் கொதித்தார்கள். அந்தப் புகைச்சல் உடனே அடங்கவில்லை. படம் வட அயர்லாந்தில் ஒரு சாக்ஸஃபோன் கலைஞனைப் பற்றியது. பேச முடியாத ஒரு பெண் கொல்லப்படுவதைப் பார்த்துவிட்டு, கொன்றவர்களைத் தேடிப் போகிறான். வாத்தியப் பெட்டிக்குள் துப்பாக்கி வந்துவிடுகிறது. கொலையாளிகள் எந்தத் தரப்பு என்பதைப் படம் அழுத்திச் சொல்வதே இல்லை. நாயகனாக நடித்த ஸ்டீபன் ரே அதற்கப்புறம் ஜோர்டனின் பத்துப் படங்களில் வருகிறார், சிலவற்றில் சின்னத் தலைகாட்டலாக.

1984-இல் ‘தி கம்பெனி ஆஃப் வுல்வ்ஸ்’. எழுத்தாளர் ஏஞ்சலா கார்ட்டரின் கதைகளை அவரோடு சேர்ந்தே எழுதியது. சிவப்புத் தொப்பிச் சிறுமிக்கும் ஓநாய்க்கும் இடையிலான பழைய கதை, கனவுக்குள் கதை, கதைக்குள் கதை என்று பெட்டிக்குள் பெட்டியாகத் திறக்கும். காடு முழுவதும் ஸ்டுடியோவில் போட்ட செட். தூரக் காட்சிகளில் ஓடும் ஓநாய்கள் பலவும் சாயம் பூசிய நாய்கள். தெரிந்த பிறகும் பயமாகத்தான் இருக்கிறது. பாட்டி சொல்லும் கதைகளுக்கு எதிராகப் பேத்தி தன் கதையைச் சொல்லக் கற்றுக்கொள்வதுதான் படம். எங்கள் சங்கத்தில் பாதிப் பேருக்கு இது பிடிக்கவில்லை, பிடித்தவர்கள் இன்னும் அதைப் பற்றியே பேசுகிறார்கள்.

1986-இன் ‘மோனா லிசா’தான் என் கணக்கில் அவருடைய மிகச் சரியான படம். சிறையிலிருந்து வந்த ஒரு சில்லறை ரவுடி, விலையுயர்ந்த பாலியல் தொழிலாளி ஒருத்திக்குக் கார் ஓட்டுகிறான். அவள் காணாமல்போன ஒரு சின்னப் பெண்ணைத் தேடித் தரச் சொல்கிறாள். இவன் தன்னை ஒரு வீரனாக, அவளைக் கோபுரத்தில் அடைபட்ட இளவரசியாக நினைத்துக்கொள்கிறான். அவளுக்கு வேறு கதை இருக்கிறது. லண்டனின் மிக அசிங்கமான தெருக்களில் எடுத்த குற்றப்படத்துக்குள் வெள்ளை முயல், வெள்ளைக் குதிரை என்று தேவதைக் கதைச் சாமான்கள் சிதறிக்கிடக்கும். நாயகனின் நண்பன் ஒருவன் துப்பறியும் கதைப் பைத்தியம். நடப்பதையெல்லாம் இவன் அவனிடம் ஒரு மர்மக்கதையைப் போலச் சொல்லிப் பார்த்துக்கொள்வான். பாப் ஹாஸ்கின்ஸுக்கு கான் விழாவில் சிறந்த நடிகர் விருது கிடைத்தது, ஆஸ்கர் பரிந்துரையும் வந்தது. குட்டையான, வழுக்கை விழுந்த, கோபக்கார மனிதர் ஒருவர் காதலில் ஏமாறும்போது நமக்குத் தொண்டை அடைக்கும் என்று எடுத்துக் காட்டியதற்கே இன்னும் இரண்டு விருது கொடுத்திருக்கலாம்.

அப்புறம் ஹாலிவுட் கூப்பிட்டது, வழக்கமான விபத்தும் நடந்தது. ‘ஹை ஸ்பிரிட்ஸ்’ என்ற பேய் நகைச்சுவை 1988-இல் வந்தது. தயாரிப்பாளர்கள் அதைத் தம் இஷ்டத்துக்கு வெட்டிவிட்டார்கள், வெளியானது தன் படம் இல்லை என்றே ஜோர்டன் சொல்லிவருகிறார். பார்க்கக் கிடைப்பதை வைத்துச் சொன்னால், உட்கார முடியாது. அடுத்த வருடம் ராபர்ட் டி நீரோ, ஷான் பென் நடித்த ‘வீ ஆர் நோ ஏஞ்சல்ஸ்’, எழுதியவர் டேவிட் மாமெட். அதுவும் ஓடவில்லை. ஊருக்குத் திரும்பி வந்து டப்ளின் பக்கத்துக் கடற்கரை ஊரான ப்ரேயில் ‘தி மிராக்கிள்’ என்ற சின்னப் படத்தை எடுத்தார். இரண்டு பதின்வயதினர் கடற்கரைச் சாலையில் போகிறவர் வருகிறவர்களைப் பற்றியெல்லாம் கற்பனைக் கதை புனைந்துகொண்டே நடப்பார்கள். அப்படிப் புனைந்த ஒரு பெண்ணின் உண்மைக் கதை அந்தப் பையனையே வந்து அடிக்கும். யாரும் பேசாத படம், தேடிப் பாருங்கள்.

அந்தச் சின்னப் படத்துக்குப் பிறகுதான் ‘க்ரையிங் கேம்’. அவருடைய நிரந்தரத் தயாரிப்பாளர் ஸ்டீபன் வுல்லியின் நிறுவனம் அந்தச் சமயத்தில் கடனில் மூழ்கிக்கொண்டிருந்தது. 1992 இலையுதிர்காலத்தில் பிரிட்டனில் வெளியானபோது படத்தை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. ஐ.ஆர்.ஏ. குண்டுகள் லண்டனில் வெடித்துக்கொண்டிருந்த காலம் அது. அமெரிக்காவில் வெளியிட்டவர்கள் ‘ரகசியத்தைச் சொல்லிவிடாதீர்கள்’ என்பதையே விளம்பரமாக்கினார்கள், அங்கே மட்டும் 6 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. 6 ஆஸ்கர் பரிந்துரைகள். 1993 மார்ச்சில் அசல் திரைக்கதைக்கான விருது ஜோர்டனுக்கு. அயர்லாந்து அரசு 1987-இல் இழுத்து மூடியிருந்த திரைப்பட வாரியத்தை அதே 1993-இல் மறுபடி திறந்தது. அப்போது கலாச்சார அமைச்சராக இருந்தவர் மைக்கேல் டி. ஹிக்கின்ஸ், பின்னாளில் அந்த நாட்டின் ஜனாதிபதியானவர். ஆஸ்கர்தான் வாரியத்தைத் திறந்தது என்று அடித்துச் சொல்கிறவர்கள் உண்டு. நான் அவ்வளவு தூரம் போக மாட்டேன். சினிமா ஆட்கள் வருடக்கணக்காகப் போராடிக்கொண்டிருந்தார்கள், ஹிக்கின்ஸுக்கும் அதில் அக்கறை இருந்தது. விருது நல்ல நேரத்தில் வந்தது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

காட்டேரிப் படத்தைப் பற்றி நீங்களே நிறையப் படித்திருப்பீர்கள். நாவலாசிரியை ஆன் ரைஸ், டாம் க்ரூஸைப் போட்டதற்கு வெளிப்படையாகச் சண்டை போட்டார். படத்தைப் பார்த்த பிறகு பத்திரிகையில் விளம்பரம் கொடுத்துப் பாராட்டினார். ஜோர்டன் அந்தத் திரைக்கதையை நிறையவே திருத்தி எழுதினார், ஆனால் பெயர் ரைஸுக்கு மட்டுமே போனது. ஆக, என் ‘நான்கு’ கணக்கிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. உலகம் முழுவதும் 22 கோடி டாலரைத் தாண்டிய அந்தப் படத்தின் பணபலமும் செல்வாக்கும்தான், அவர் 1980-களிலிருந்தே எழுதி வைத்துக் காத்திருந்த ஒரு திரைக்கதைக்கு வழிவிட்டன.

அது ‘மைக்கேல் காலின்ஸ்’, 1996, அயர்லாந்து விடுதலைப் போரை நடத்திய தலைவர்களில் ஒருவரைப் பற்றிய படம். வெனிஸ் திரைவிழாவின் முதல் பரிசான தங்கச் சிங்கம், நடித்த லியாம் நீசனுக்குச் சிறந்த நடிகர் விருது. டப்ளினில் பெரிய செட் போட்டு, ஊர் மக்களே ஆயிரக்கணக்கில் கூட்டமாக வந்து நின்று எடுத்த படம். வன்முறை நிறைந்திருந்தும், பிள்ளைகளும் தங்கள் வரலாற்றைப் பார்க்கட்டும் என்று ஐரிஷ் தணிக்கையாளர் பெற்றோரோடு பார்க்கலாம் என்ற சான்றிதழ் கொடுத்தார். இதை வரலாறாக எடுத்துக்கொள்ளலாமா என்று சங்கத்தில் ஒவ்வொரு முறையும் கேட்பார்கள். முழுசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. படத்தில் டப்ளின் கோட்டைக்குள் சித்திரவதை செய்து கொல்லப்படும் உளவாளி நெட் ப்ராய், உண்மையில் சாகவில்லை. பின்னாளில் ஐரிஷ் காவல்துறைக்கே தலைவரானார், 1972 வரை உயிரோடு இருந்தார். 1920 நவம்பர் 21 அன்று க்ரோக் பார்க் மைதானத்தில் நடந்த படுகொலை நிஜம், ஆனால் படத்தில் வருவது போலக் கவச வண்டி மைதானத்துக்குள் ஓடிவந்து சுடவில்லை, பிரிட்டிஷ் காவல் படையினர் இறங்கி நடந்து வந்து சுட்டார்கள். காலின்ஸின் நண்பர் ஹாரி போலண்ட் சுடப்பட்டதும் படத்தில் காட்டும் இடத்தில் இல்லை, ஸ்கெரீஸ் என்ற ஊரில் ஒரு ஹோட்டலில். காலின்ஸைப் பதுங்கியிருந்து தாக்கிக் கொன்றதில், எதிரணியில் நின்ற தலைவர் டி வலேராவுக்குப் பங்கிருந்தது போலப் படம் சாடைமாடையாகக் காட்டுகிறது. அவர் அந்த வட்டாரத்தில் இருந்தது உண்மை, கொலைக்கு உத்தரவிட்டார் என்பதற்கு ஆதாரம் கிடையாது. ப்ராய் விஷயம்கூட எனக்கு உறுத்தவில்லை. டி வலேரா விஷயத்தில் ஜோர்டன் வரம்பு மீறினார் என்றுதான் நினைக்கிறேன். ஒரு நாவலாசிரியருக்கு வில்லன் தேவைப்பட்டிருக்கிறது.

அதற்கடுத்த வருடமே ‘தி புட்சர் பாய்’. பேட்ரிக் மக்கேபின் நாவல், அவரோடு சேர்ந்து எழுதியது, அவர் பிறந்த ஊரான க்ளோனிஸிலேயே எடுத்தது. 1960-களின் தொடக்கம், கியூபா ஏவுகணை நெருக்கடி, எல்லோரும் அணுகுண்டு விழும் என்று காத்திருக்கிறார்கள். குடிகார அப்பாவும் மனம் உடைந்த அம்மாவும் உள்ள ஒரு பையன் சிரிக்கச் சிரிக்கப் பேசியபடியே கொலைகாரனாகிறான். பெரியவனாகிக் கதை சொல்லும் அவன் குரலும், அவன் அப்பாவாக நடிப்பதும் ஒரே ஸ்டீபன் ரே. அவன் முன்னால் தோன்றும் கன்னி மரியாளாகப் பாடகி ஷினேட் ஓ’கானர், கெட்ட வார்த்தை பேசும் மாதா. ஐந்து வருடம் முன்புதான் அமெரிக்கத் தொலைக்காட்சியில் போப்பாண்டவரின் படத்தைக் கிழித்தவர் அவர். பெர்லின் திரைவிழாவில் ஜோர்டனுக்குச் சிறந்த இயக்குநர் விருது கிடைத்தது. முதல் தடவை நாங்கள் இதைச் சப்டைட்டில் இல்லாத பிரதியில் போட்டுவிட்டோம். அந்த வட்டார உச்சரிப்பு யாருக்கும் பிடிபடவில்லை, இடைவேளையில் பாதி நாற்காலி காலி. தப்பு எங்களுடையதுதான்.

மீதியை வேகமாகக் கடந்துவிடலாம். ‘இன் ட்ரீம்ஸ்’ பார்க்க அழகு, உள்ளே ஒன்றுமில்லை. கிரஹாம் கிரீனின் ‘தி எண்ட் ஆஃப் தி அஃபேர்’ 1999-இல் வந்தது. ஒரே காட்சியை முதலில் அவன் நினைவாகவும் பிறகு அவள் நாட்குறிப்பு வழியாகவும் இரண்டு முறை காட்டும் உத்திக்காகவே பார்க்கலாம். ‘தி குட் தீஃப்’ பழைய பிரெஞ்சுத் திருட்டுப் படம் ஒன்றின் மறுவடிவம், நிக் நோல்ட்டியின் முகம்தான் படமே. 2005-இன் ‘ப்ரேக்ஃபாஸ்ட் ஆன் ப்ளூட்டோ’ மறுபடியும் மக்கேப், அம்மாவைத் தேடி லண்டன் போகும் பிள்ளையாகக் கிலியன் மர்ஃபி. தொடக்கத்தில் இரண்டு ராபின் குருவிகள் பேசிக்கொள்ளும், அதற்கும் சப்டைட்டில் ஓடும். ‘தி பிரேவ் ஒன்’ உங்களுக்குத் தெரியும். ஜோடி ஃபாஸ்டர் அபாரம், முடிவு எனக்கு ஒப்பவில்லை, முக்கால் படம் கேட்ட கேள்வியைக் கால் படம் விழுங்கிவிட்டது. ‘ஒண்டீன்’ மீனவன் வலையில் சிக்கும் பெண்ணைப் பற்றியது, அவளைக் கடல்கன்னி என்று நம்புகிறாள் அவன் மகள். ‘தி போர்ஜியாஸ்’ தொலைக்காட்சித் தொடர் மூன்று பருவத்தோடு நிறுத்தப்பட்டது. ‘ரிவியேரா’ தொடரில் தன் எழுத்தை மாற்றிவிட்டார்கள் என்று அவரே வெளிப்படையாகக் கோபப்பட்டார். ‘க்ரேட்டா’வும் ‘மார்லோ’வும் அவர் பெயரைத் தாங்கி நிற்கும் படங்கள் இல்லை. இரண்டிலும் அவர் எழுத்தும் இருக்கிறது என்பதால், ‘அவர் எழுதினால் நன்றாக இருக்கும்’ என்று யாராவது சூத்திரம் போட்டால் நம்பாதீர்கள்.

கடைசிக் கேள்வி. ‘மோனா லிசா’வில் தொடங்குங்கள், அடுத்து ‘க்ரையிங் கேம்’ படத்தை மறுபடி பாருங்கள். ரகசியம் தெரிந்த பிறகுதான், முதல் பாதியில் சிப்பாய் பேசும் ஒவ்வொரு வரியும் என்ன வேலை செய்கிறது என்று புரியும். பிறகு ‘புட்சர் பாய்’, அதற்கப்புறம் மனநிலை இருந்தால் ‘கம்பெனி ஆஃப் வுல்வ்ஸ்’. ‘ஹை ஸ்பிரிட்ஸ்’ பக்கமே போக வேண்டாம். ‘புட்சர் பாய்’க்கு மட்டும் சப்டைட்டில் உள்ள பிரதியாகப் பார்த்து எடுங்கள், பக்கத்தில் யாராவது இருக்கும்போது பாருங்கள்.